நானூற்றுப் பன்னிரண்டு பைட்டுகள்

கோவில்பட்டி,
9 ஜூலை 2047, செவ்வாய்.

அன்புள்ள திரு. ஷேக் உதுமான் அவர்களுக்கு,

வணக்கம். நெடுமூச்சு திட்டத்துக்கு நீங்கள் அனுப்பிய மாற்றம் கிடைத்தது. நிரலைக் கட்டித் தரும் பழைய கம்பைலரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் ஐந்து மணி நேர வேலை நாற்பது நிமிடத்தில் முடியும் என்று எழுதியிருந்தீர்கள். என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. ஆறு ஆண்டுகளில் வெளியிலிருந்து எங்களுக்கு இவ்வளவு சுத்தமான வேலை வந்ததில்லை. அதைச் சேர்க்க முடியாது.

பொதுப் பக்கத்தில் "இப்போதைக்கு வேண்டாம், நன்றி" என்று மட்டும் போட்டிருந்தேன். நீங்கள் மூன்று முறை காரணம் கேட்டீர்கள், மூன்றாவது முறை கோபமாக. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் காரணத்தைத் திரையில் தட்ட எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் உங்கள் பக்கத்தில் இருந்த மேலப்பாளையம் முகவரிக்குப் பேனாவால் எழுதுகிறேன். வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி பூவநாதனுக்கு நாற்பத்தேழு வயது. ஹாக்கி நடுவர். 2037-இல் வந்த காய்ச்சலில் பிழைத்தவன். அந்தக் காய்ச்சல் போகும்போது சிலருடைய மூளையிலிருந்து ஒரே ஒரு வேலையை அழித்துவிட்டுப் போனது. மூச்சு தானாக வராது. நினைத்து இழுக்கலாம், நினைத்து விடலாம். நினைக்க மறந்தால் நின்றுவிடும். அவர்களுக்காக வந்ததுதான் மூச்சு பேஸர். காறையெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் உட்கார்ந்துகொண்டு, நிமிடத்துக்குப் பதினான்கு முறை நரம்பைத் தட்டி மூச்சை இழுக்க வைக்கும். ஓடினால் தட்டும் வேகம் தானாகக் கூடும். 2039 ஏப்ரலில் முதன்முதலாக வைத்துக்கொண்ட நூறு பேரில் தம்பியும் ஒருவன்.

2041-இல் பேஸர் செய்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். மென்பொருளைத் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் கருவி நின்றுவிட வேண்டும் என்பது மருத்துவக் கருவி ஆணையத்தின் பாதுகாப்பு விதி. புதுப்பிக்க நிறுவனம் இல்லை. அங்கே வேலை பார்த்திருந்த தூத்துக்குடிக்காரர் அமலதாஸ் பர்னாந்து, நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்து, நெடுமூச்சு என்று பெயரிட்டு, சம்பளமில்லாத வேலைக்கு ஆள் கேட்டார். நான் அப்போது ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவில் இருந்தேன். தம்பிக்காகப் போனேன். அமலதாஸ் அண்ணன் 2044-இல் இறந்துவிட்டார். இப்போது இருவர்தான். நான் ஒருத்தி, கடலுக்கு அப்பால் பருத்தித்துறை ஊரில் கணக்கு டியூஷன் எடுக்கும் கேதீசன் ஒருவர். அவருடைய மனைவிக்கும் பேஸர் உண்டு. எங்கள் இருவரின் கையெழுத்தில் மூச்சுவிடுகிறவர்கள் நாற்பத்தோராயிரம் பேர்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். புதிதாக எதையும் எழுதுவது அபூர்வம். பிறர் எழுதிய இருநூற்றுப் பதினான்கு சின்ன நிரல்களின் மேல் நெடுமூச்சு நிற்கிறது. ஒருவர் எண்களை வரிசைப்படுத்துவதை எழுதியிருப்பார், ஒருவர் நேரம் கணக்கிடுவதை. அவர்களில் ஒருவர் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் கடிதத்துக்குப் பதில் போடுவார். எது மாறியது, ஏன் மாறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பதிப்பைப் பூட்டி, பேஸரில் ஓடும் வடிவத்துக்குக் கட்டி, அனுப்புவோம். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிதான். சோற்றில் கல் இல்லை என்று யாரும் பாராட்டுவதில்லை.

ஒரு வழக்கத்தை மட்டும் அண்ணன் கண்டிப்பாக வைத்திருந்தார். இருவரும் தனித்தனிக் கணினியில், ஒரே நிரலைத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கட்டியதிலிருந்து வரும், நடுநடுவே ஆங்கில எழுத்தும் கலந்த நீண்ட எண்ணுக்கு நாங்கள் முத்திரை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பைட் வேறுபட்டாலும் முத்திரை முழுதாக மாறிவிடும். அதன் கடைசி எட்டு இலக்கத்தில் நான்கை நான் தொலைபேசியில் வாசிப்பேன், மீதி நான்கைக் கேதீசன் வாசிப்பார். இருவருடையதும் ஒத்துச் சேர்ந்தால்தான் கையெழுத்து. இன்னொரு வழக்கம் தம்பி கொண்டுவந்தது. எல்லோருக்கும் போவதற்கு ஒரு நாள் முன்பு அது அவன் நெஞ்சில் ஓட வேண்டும். "பந்தை முதல்ல நான் தட்டிப் பாக்கேன்" என்பான்.

போன மாதம் 12-ஆம் தேதி, புதன்கிழமை. மறுநாள் மாலைக்குள் புதிய பதிப்பு போக வேண்டும். காலை எட்டு மணிக்கு நான் வாசித்தேன்.

"ஏழு, சி, சைபர், நாலு."

மறுமுனையில் அவர் தன் நான்கைச் சொல்லவில்லை.

"அக்கா, ஒருக்கா திரும்ப வாசியுங்கோ."

வாசித்தேன்.

"எனக்கு வேற வருது."

ஆறு ஆண்டில் முதல் முறை. "என்ன மாத்தினீங்க கேதீசன்? ஏதாவது நிரலைப் புதுசா இறக்கினீங்களா?"

"நான் ஒண்டும் மாத்தேல்லை." தூரத்தில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. "அக்கா, உங்களிட்ட ஒரு உண்மை சொல்லோணும். என்னை ஏசக்கூடாது."

"சொல்லுங்க."

"ரெண்டு வருஷமா நான் கட்டேல்லை. என்ர பழைய கொம்பியூட்டருக்கு ஒன்பது மணித்தியாலம் வேணும். கரண்ட் நிக்காது. ஒருக்கா பாதியில நிண்டுபோச்சு, அண்டைக்குக் கடைசி நாள். நீங்கள் ஏத்திவிட்டதை இறக்கி, அதின்ர முத்திரையைத்தான் வாசிச்சனான். பிறகு அதே பழகிப்போச்சு."

இரண்டு ஆண்டுகளாக நான் என் குரலின் எதிரொலியோடு ஒத்துப்பார்த்து, சரி என்று கையெழுத்திட்டிருக்கிறேன். தன் மனைவியின் மூச்சையும் சேர்த்து என் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு இருந்திருக்கிறார் மனிதர்.

"இந்த முறை?"

"புதுசு வாங்கிட்டன். செய்த பிழைக்குப் பரிகாரமா எல்லாத்தையும் அடியில இருந்து செய்தனான். ஒருத்தரிட்டயும் கம்பைலர் வாங்கேல்லை. அஞ்சு கிழமை, மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரு பைட்டும் வெளியில இருந்து வரேல்லை அக்கா. என்ர பிள்ளைகளாணை."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது நானூற்றுப் பன்னிரண்டு பைட் பெரிதாக இருந்தது.

தம்பி இட்லி முடித்துத் தயிர் ஊற்றிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினான்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. ஒன் மெஷின் கெட்டுப்போச்சா, அவரதா?"

"நாம எழுதுறது மனுஷன் படிக்கிற நிரல். அதை பேஸருக்குப் புரியுற எண்ணா மாத்துறது கம்பைலர். நிரல்ல தப்பு இல்ல. மாத்துறப்ப என் கம்பைலர் தன் பாட்டுக்கு எதையோ சேக்குது."

"அப்ப கம்பைலரோட நிரலைப் பாரு."

"பாத்துட்டேன். அதுலயும் இல்ல."

"பின்ன எங்கருந்து வருது, ஆகாசத்துல இருந்தா?"

"கம்பைலரையும் ஒரு கம்பைலர்தான் கட்டணும், பூவா. அதை அதுக்கு முந்தினது. நம்ம தயிரு மாதிரி. பால் தினமும் புதுசு. உறை மட்டும் நேத்துத் தயிருல இருந்து, அதுக்கு முந்தாநேத்துத் தயிருல இருந்து. மொத உறையில எவனாவது ஒண்ணக் கலந்திருந்தா, பாலை எவ்வளவு சோதிச்சாலும் சிக்காது."

தட்டில் இருந்த தயிரை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "இதை நான் சாப்பிட்டு முடிச்சப்பறம் சொல்லக்கூடாதா?"

"கேதீசன் உறை இல்லாமலே தயிர் பண்ணியிருக்காரு."

"அப்ப அவரதுதான் சுத்தம். போடு."

பத்தேகாலுக்கு, கட்டிலருகே இருக்கும் சார்ஜரில் அவனைப் படுக்க வைத்து, கேதீசனின் பதிப்பை ஏற்றினேன். நாற்பது நிமிடம். சீராக ஓடியது. அன்றைக்குப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி, மாலை வரை ஆட்டங்கள் இருந்தன. மதியம் இரண்டரைக்கு, காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டான்.

எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. யாரோ ஒருவன் என் கணினிக்குள் புகுந்திருக்கிறான், என் கையாலேயே ஆண்டுக்கு நான்கு முறை நாற்பத்தோராயிரம் நெஞ்சுக்குள் எதையோ அனுப்பியிருக்கிறான் என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. அவன் எங்கிருந்தோ ஒரு சொல் அனுப்பினால் எல்லாம் நின்றுவிடுமா? நாங்கள் கண்டுபிடித்தது இப்போதே அவனுக்குத் தெரிந்திருக்குமா? ஜன்னலைச் சாத்தினேன். அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று சாத்திய பிறகுதான் தெரிந்தது.

எப்போது புகுந்தான் என்றாவது தெரிய வேண்டும். பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில், முதல் நாள் அமலதாஸ் அண்ணன் கொடுத்த வட்டு இருந்தது. 2041-இலிருந்து எந்தக் கணினியிலும் செருகப்படாதது. வலையில் இணையாத பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து, அந்த வட்டில் இருந்த கம்பைலரை வைத்துப் பதினோரு மணிக்கே கட்ட விட்டிருந்தேன். அது சுத்தமாக வரும், எங்கே கெட்டது என்று அங்கிருந்து தேடலாம் என்பது என் கணக்கு.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு முடிந்தது. முத்திரையின் கடைசியில் பார்த்தேன். ஏழு, சி, சைபர், நாலு.

யாரும் என் கணினிக்குள் புகவில்லை. முதல் நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

கேதீசனை அழைத்தேன். ஆளுக்குப் பாதியாக அந்த நானூற்றுப் பன்னிரண்டை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படிக்கத் தொடங்கினோம். போனை வைக்கவே இல்லை. ஐந்தரை தாண்டியபோது அவர் படிப்பதை நிறுத்தினார்.

"அக்கா, இது திகதியைத் தொடுது."

"எந்தத் தேதியை?"

"பேஸருக்குள்ள நிறுவனம் வைச்ச ஒரு சிப் இருக்கெல்லே, எங்களைத் தொட விடாதது. அது ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு எங்கட மென்பொருளிட்டத் திகதி கேக்குது. இது நடுவில நிண்டு பொய்த் திகதி குடுக்குது. பேஸர் வைச்சு ஒரு வருஷம்தான் ஆச்சு எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுது."

"சிப்புக்கு எதுக்குத் தேதி?"

"அண்ணை தந்த குறிப்பேடு இருக்கோ? ஆயுள் எண்டு ஒரு வரி வரும், பாருங்கோ."

எனக்கு அந்த வரி மனப்பாடம். ஆயுள்: 96 மாதம். அதை உத்தரவாதக் காலம் என்றே படித்து வந்திருந்தோம். அதற்குள் கெட்டுப்போனால் மாற்றித் தருவோம் என்று எல்லாப் பொருளிலும் எழுதியிருப்பார்களே, அப்படி. தொண்ணூற்றாறு மாதம் ஆனதும் நின்றுவிடு, புதியது வாங்கட்டும் என்று சிப்புக்கு இட்ட கட்டளை அது என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. அண்ணன் அங்கே வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நிறுவனத்தின் அமைப்பை மாற்றினால் ஆணையம் திட்டத்தையே தடைசெய்யும். அதனால் நிரலில் எழுதாமல், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்துவிட்டார்.

2039 ஏப்ரல். விரலை மடக்கி எண்ணினேன். எட்டு ஆண்டு முடிந்து இரண்டு மாதம்.

"அக்கா," என்றார் கேதீசன், "பூவநாதன் எங்க?"

ஐந்து நாற்பத்தொன்று.

அவன் போன் ஸ்கோர் எழுதுகிறவரின் மேசையில் இருக்கும். ஆட்டம் நடக்கும்போது எடுக்கமாட்டான். இரண்டு முறை அடித்தேன். ஸ்கூட்டரை எடுத்தேன். மைதானம் மூன்று கிலோமீட்டர். வழியில் சிமெண்ட் லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டு வழிவிடவே இல்லை. ஓட்டுநரை நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

போய்ச் சேர்ந்தபோது ஆறு நாலு. தம்பி நடுக்கோட்டில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை மேலே தூக்கியிருந்தது. வாயில் விசில். சத்தம் வரவில்லை. எதற்காக ஆட்டத்தை நிறுத்தினார் என்று தெரியாமல் இரண்டு அணியும் மட்டையை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தன. உதடு நீலம் பூத்திருந்தது. கண் என்னைத் தேடியது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "பேஸர் நின்னுபோச்சு. நீயா இழு. பூவா, இழு!"

இழுத்தான். நெஞ்சு ஒரு முறை ஏறி இறங்கியது. அடுத்தது வரவில்லை. "இழு!" மறுபடி.

அவனை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்தேன். பேசினால் மறந்துவிடும், அதனால் பேசக்கூடாது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் என் தோளை அழுத்தச் சொன்னேன். அந்த மூன்று கிலோமீட்டரும் எனக்குச் சாலை தெரியவில்லை, தோள் மட்டும்தான் தெரிந்தது. வேகத்தடையில் ஒரு முறை அழுத்தவில்லை. கத்தினேன். அழுத்தினான்.

வீட்டில் சார்ஜரில் படுக்கவைத்து, பழைய பதிப்பை ஏற்ற விட்டேன். பொய் சொல்லும் அந்த நானூற்றுப் பன்னிரண்டு பைட்டோடு. மறுபடி நாற்பது நிமிடம். ஒரு முறை ஆயுள் முடிந்து நின்றுவிட்ட சிப் மறுபடி எழுமா என்று கேதீசனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மூச்சுக்குழாய் மிஷினோடு ஆம்புலன்ஸ் வரச் சொல்லியிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து வருகிறோம், ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

"இழு. விடு. இழு. விடு."

பதினெட்டாவது நிமிடம் பக்கத்து வீட்டு டிவியில் ஏதோ விளம்பரப் பாட்டு சத்தமாக வந்தது. தம்பியின் கண் அந்தப் பக்கம் போனது. அவ்வளவுதான். நான் "இழு" என்றேன், அவன் கேட்கவில்லை. முகம் அமைதியாக இருந்தது. எனக்குப் பயமே அந்த அமைதிதான். திணறவில்லை, துடிக்கவில்லை, பாட்டைக் கேட்டுக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். நான் அவனை அடித்தது அதுதான் முதல் முறை. திடுக்கிட்டு இழுத்தான்.

ஏழு மணி இரண்டு நிமிடம். பச்சை விளக்கு. நான் "இழு" என்று சொல்லாமலே அவன் நெஞ்சு ஏறியது.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "ரெஃப்ரிக்கே செவப்பு அட்டை காட்டிட்டாங்கக்கா" என்றான். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

மறுநாள் வியாழக்கிழமை காலை மூவரும் பேசினோம். மாலைக்குள் நாற்பத்தோராயிரம் பேருக்கு ஒன்றை அனுப்பியாக வேண்டும்.

"எல்லாருக்கும் சொல்லிடு" என்றான் தம்பி.

"சொன்னா ஆணையம் இன்னைக்கே தடை போடும். தொண்ணூறு நாள்ல எல்லாம் நிக்கும்."

"ஒளிச்சு வைச்சா, இதைவிடப் பெரிய பொய்க்கு நானும் நீங்களும்தான் கையெழுத்து வைக்கிறம்" என்றார் கேதீசன். "ஒண்டும் மறைக்கேல்லை எண்டு எழுதித்தான் ஒவ்வொரு முறையும் ஒப்பம் வைக்கிறது."

"நீங்க ரெண்டு வருஷமா எழுதினீங்களே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தம்பிதான் பேசினான். "ஏன் சண்ட போடுதீங்க? என் நெஞ்சுக்குள்ள இருக்கது பொய் சொல்லித்தான் என்னைய ஓட்டுதுன்னா, அது எனக்குத் தெரியுது. மத்தவங்க நெஞ்சுல இருக்கது அவங்களுக்குத் தெரியக்கூடாதா? இந்தத் தடவ போடுங்க. அடுத்த கையெழுத்துக்கு முன்னால சொல்லிரணும். சொல்லலன்னா நானே மைதானத்து மைக்குல சொல்லிருவேன்."

அண்ணனின் வட்டிலிருந்த கம்பைலரைக் கேதீசனுக்குக் கொடுத்தோம். அவர் தன் கையால் அடியிலிருந்து செய்த ஐந்து வார வேலையை ஓரமாக வைத்துவிட்டு, அதைக் கொண்டு கட்டினார். அவர் நான்கைச் சொன்னார், நான் நான்கைச் சொன்னேன். சேர்ந்தது. கையெழுத்திட்டோம்.

ஆயுள் வரம்பைத் தளர்த்த வழி உண்டா என்று, பேஸர் பெயரைச் சொல்லாமல், ஆணையத்துக்கு எழுதினேன். பதினோரு நாளில் பதில் வந்தது: தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை இணைக்கவும். தயாரிப்பாளர் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது.

உங்கள் மாற்றத்தைச் சேர்த்தால் கம்பைலரோடு அந்தப் பொய்யும் போய்விடும். எட்டு ஆண்டு முடிந்தவர்களின் பேஸர் அன்று மாலை ஆறு மணிக்கு நின்றுவிடும். நீங்கள் மூன்று முறை கேட்ட காரணம் இதுதான்.

ஆனால் இதற்காக மட்டும் இவ்வளவு நீளம் எழுதவில்லை. பொய்த் தேதி சொல்லும் வேலை முந்நூற்றெண்பது பைட்டில் முடிந்துவிடுகிறது. முப்பத்திரண்டு மீதி இருக்கிறது.

அதில் முக்கால்வாசி எங்களுக்குப் புரிந்துவிட்டது. பேஸர் வைத்த நாளிலிருந்து எத்தனை மூச்சு ஆகியிருக்கிறது என்ற கணக்கை அது எடுக்கிறது. ஆறு கோடியே இருபது லட்சம் என்ற எண்ணோடு ஒப்பிடுகிறது. எட்டவில்லை என்றால் சும்மா திரும்பிவிடுகிறது. எட்டினால் அந்தச் சிப்புக்குள் ஓர் இடத்துக்குத் தாவுகிறது. அங்கே என்ன இருக்கிறது என்று எங்கள் இருவராலும் பார்க்க முடியவில்லை. எட்டாண்டு வரம்பை ஒரேயடியாக அழிக்க அண்ணன் வைத்த வழியாக இருக்கலாம். அண்ணன் கையில் அந்தக் கம்பைலர் வருவதற்கு முன்பே வேறு யாரோ வைத்ததாகவும் இருக்கலாம். அந்த முப்பத்திரண்டை மட்டும் நீக்கிவிட்டுக் கட்டலாம்தான். அதை யார் நெஞ்சில் சோதிப்பது?

உங்கள் பக்கத்தில், இந்த வகைச் சிப்புகளை உள்ளே திறந்து படிக்கும் வேலையில் ஒன்பது ஆண்டு இருந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். எங்களுக்குத் தெரிந்து அப்படிப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

தம்பி ஓடி ஆடி வேலை செய்தவன். நாற்பத்தோராயிரம் பேரில் அதிகம் மூச்சு வாங்கியவன் அவனாகத்தான் இருப்பான். இன்று காலைக் கணக்கு ஆறு கோடியே பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. இதே வேகத்தில் போனால் ஆகஸ்ட் கடைசி வாரம் எட்டும். நிமிடத்துக்குப் பதினான்கு என்பதைப் பன்னிரண்டாகக் குறைக்கச் சொன்னான். குறைத்தேன். கொஞ்சம் தலை சுற்றுகிறது என்கிறான். இப்போது செப்டம்பர் முதல் வாரம் என்று வருகிறது. எங்கள் அடுத்த கையெழுத்து செப்டம்பர் பதினொன்று.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு எண்கள், நான்கு வரி. கேதீசன் வாசிக்க நான் எழுதினேன், தம்பி சரிபார்த்தான். தயவுசெய்து எந்தக் கணினியிலும் தட்டிப் பார்க்காதீர்கள். தாளிலேயே பாருங்கள். முடிந்தால் இந்த வாரத்திலேயே வாருங்கள். மேலப்பாளையத்திலிருந்து வந்தால் புதிய பேருந்து நிலையத்தில் இறங்க வேண்டும். மடிக்கணினி வேண்டாம், போனும் வேண்டாம். இதை யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது என்பதையும் உங்கள் விருப்பத்துக்கே விட்டிருக்கிறேன். கேட்காமல் உங்கள் தலையில் ஏற்றிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

உங்களை நிலையத்திலிருந்து அழைத்துவர யார் வருவது என்று நேற்று பேசிக்கொண்டோம். தம்பி தானே நடந்து வருவதாகச் சொன்னான். எனக்கு உங்கள் முகம் தெரியாது, அவனுக்குத்தான் ஆட்களை அடையாளம் காணத் தெரியும் என்று ஏதோ காரணமும் சொன்னான். பிறகு, நிலையம் வரை போய்வர எத்தனை மூச்சு ஆகும் என்று கேட்டான்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
செண்பகவல்லி